சோபாவுக்குப் பின்னால் ஒரு படம்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கணவரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பை லெனோரா டாலிவர் நின்றபடியேதான் கேட்கத் தொடங்கினாள். மறுநாள் காலை விருந்து தங்கள் வீட்டில் என்று அவர் சொன்னதும், பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"நம்ம வீட்லயா? ஹார்க்ரோவ் வீட்டுக்கு என்ன ஆச்சு?"

"டாட்டிக்குக் காய்ச்சலாம். படுத்துட்டாளாம்."

"நேத்து கடையில பார்த்தேனே. கல்லு மாதிரி இருந்தா."

"காய்ச்சல் வர்றதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா, லெனோ? மூணு குடும்பம், பதினோரு பேர். ஒன்பது மணிக்கு வந்துடுவாங்க. மோர் ரொட்டி மட்டும் நீ சுட்டுடு. மத்ததை நான் வாங்கிட்டு வரேன்."

டெல்ரோஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஹார்க்ரோவ் தலைமைப் பயிற்சியாளர், டாட்டி அவர் மனைவி. லெனோராவின் கணவர் செட்ரிக் அவருக்குக் கீழே, எதிரணியை முட்டித் தடுக்கும் முன்வரிசைக்குப் பயிற்சி தருபவர். அவருடைய வேலையில் பாதிதான் மைதானத்தில். மறுபாதி, மிசிசிப்பி மாநிலமெங்கும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்குக் காரை ஓட்டிச் சென்று, நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்து, அவர்களுடைய தாய்மார்களின் மனத்தை வெல்வது. டிசம்பரில் மாணவர்கள் சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய வார இறுதியில் அக்குடும்பங்களை ஊருக்கு அழைத்து உபசரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு எப்போதும் தலைமைப் பயிற்சியாளரின் வீட்டில்தான். இந்த மனிதர் நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தாய் நம்புவது அவருடைய மேசையில் அமர்ந்து உண்ணும்போதுதான் என்பது ஹார்க்ரோவ் தாமே அடிக்கடி சொல்லும் பேச்சு.

அந்த மேசை இப்போது இடம் மாறியிருந்தது.

உதவிப் பயிற்சியாளரின் மனைவிக்கு எந்தச் செய்தியும் கடைசியில்தான் வந்து சேரும். பதினாறு ஆண்டுகளில் ஏழு ஊர்கள் மாறிய பிறகு, சொல்லாமலே அறிந்துகொள்ளும் வழிகளை அவள் பழகியிருந்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் டாட்டி ஹார்க்ரோவ் ஒவ்வொரு பயிற்சியாளரின் மனைவிக்கும் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டு ஒன்றைத் தருவது வழக்கம். இந்த ஆண்டு அது வரவில்லை. டெக்சாஸில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பதவி பத்து நாள்களாகக் காலியாக இருந்தது. அதற்கு அடிபடும் பெயர்களின் வரிசையில் ஹார்க்ரோவ் திங்களன்று நான்காவதாக இருந்தார், வெள்ளியன்று இரண்டாவதாக.

அவள் தலையை உயர்த்தி வரவேற்பறையைச் சுற்றிப் பார்த்தாள். நான்கு சுவர்களும் வெறுமையாக இருந்தன.

இந்த வெறுமைக்குக் காரணம் அவள்தான். டென்னசியில் குடியேறிய மூன்றாம் வாரம் குடும்பப் படங்களையெல்லாம் சுவரில் மாட்டினாள். அந்தப் பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் குழு முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒக்லஹோமாவில் இரண்டாண்டு பொறுத்திருந்து மாட்டினாள். தலைமைப் பயிற்சியாளர் பெரிய இடம் கிடைத்துப் போய்விட, புதிதாக வந்தவர் தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜார்ஜியாவில் அவள் ஆணியைத் தொடவே இல்லை. அவளுடைய பிறந்தநாளுக்கு மகிழ்ச்சியூட்டலாம் என்று செட்ரிக்தான் மாட்டினார். நாற்பதாம் நாள் மீண்டும் மூட்டை கட்டினார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது படங்களும் பழைய படுக்கைவிரிப்புகளில் சுற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்தே நின்றன. டெல்ரோஸில் இது மூன்றாம் ஆண்டு. அவர்கள் இவ்வளவு நீண்ட காலம் ஓர் ஊரில் தங்கியதே இல்லை. அது இந்த வெறுஞ்சுவர்களால் என்று அவள் நம்பினாள். ஆனால் வெளியாரிடம் சொன்னதில்லை.

ஆறு மணிக்குச் செட்ரிக் பொட்டலங்களோடு வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"படத்தையெல்லாம் மாட்டிடலாம்."

"மாட்டக்கூடாது."

"லெனோ, பூன் பையனோட அம்மா வராங்க. வெறுஞ்சுவரைப் பார்த்தா, நாளைக்கே லாரி வருதுன்னுல்ல நெனப்பாங்க?"

"அலமாரியில வச்சுப் பூட்டிடறேன்."

"சுவரு அப்பவும் மொட்டையாத்தான இருக்கும்?"

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ஜோஸ்லின் மாடிப்படியில் அமர்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ஐந்தாவது பள்ளி. பள்ளி இசைக்குழுவின் டிரம்பெட் வரிசையில் முதல் நாற்காலி, அதாவது தலைமை வாசிப்பவரின் இடம், இந்த ஆண்டுதான் கிடைத்திருந்தது. "இங்கேயே படித்து முடிப்பாய், இனி உன்னை எங்கும் இழுத்துக்கொண்டு போக மாட்டோம்" என்று லெனோரா கொடுத்த வாக்குக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுகள் மீதமிருந்தன.

"மாம், ஆணிக்கு அவ்வளவு சக்தி இருந்தா, எதிர்டீம் கோச் வீட்ல போயி அடிச்சுட்டு வந்துடலாமே," என்றாள் ஜோஸ்லின்.

செட்ரிக் சிரித்தார். லெனோரா சிரிக்கவில்லை. கணவர் சொல்லாமல் விட்டதும் அவளுக்குத் தெரியும். விருந்துக்கு வரும் மூன்று ஆட்டக்காரர்களில் சிறந்தவனான கெடேரியஸ் பூன் கையெழுத்திட்டால் மற்ற இரு பையன்களும் அவன் பின்னால் வருவார்கள். நாளைக்கு ஹார்க்ரோவ் போய்விட்டாலும், வருகிற புதியவர், பூன் பையனைக் கைக்குள் வைத்திருக்கும் பயிற்சியாளரை எளிதில் அனுப்பிவிட மாட்டார். ஆக, ஜோஸ்லின் இப்பள்ளியில் படித்து முடிப்பது என்பது முகம் தெரியாத ஒரு தாயின் மனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தாள்.

பதினெட்டுப் படங்களை மாட்டினார்கள். பத்தொன்பதாவது, அவர்களுடைய திருமணப் படம். அதைச் செட்ரிக் குளிக்கச் சென்ற நேரத்தில் சோபாவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி, லெனோரா தள்ளி வைத்தாள். ஒன்றையாவது மாட்டாமல் வைத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கெடேரியஸின் தாய் ஷார்லின் பூன் மகனோடு மற்றவர்களைவிடக் கால்மணி நேரம் முன்னதாகவே வந்தாள். ஆற்றுச் சமவெளியில் ஒரு சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். தேவாலயத்துக்குப் போகவேண்டிய காலைப்பொழுதை இங்கே செலவிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை தேவாலயத்துக்கென்றே அணியும் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியே சொன்னது. பின்னாலிருப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்தே பழகிய கண்கள். தலையைத் திருப்பாமலே அறை முழுவதையும் அளந்தன.

கெடேரியஸ் ஆறடி நான்கங்குலம். "உக்காருப்பா," என்று லெனோரா சொன்னதும், "சரிங்க மேடம்," என்று சோபாவில் அமர்ந்தான். சோபா ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்து கண்ணாடி இடிபடும் ஓசை கேட்டது.

"ஐயோ, ஏதாவது ஒடைச்சுட்டேனா?"

"ஒண்ணும் இல்ல. அது சும்மா."

ஷார்லினின் பார்வை சோபாவிலிருந்து சுவருக்குப் போயிற்று.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. சோளக்கஞ்சியில் வெண்ணெய் மிதந்தது. ரொட்டி இரண்டு தட்டு காலியாயிற்று. மற்ற இரு தந்தையரும் செட்ரிக்கோடு முற்றத்துக்குப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹார்க்ரோவ் பத்து நிமிடம் தலைகாட்டினார். எல்லோருடைய கையையும் குலுக்கினார். மேலங்கியைக் கழற்றாமலே கிளம்பினார்.

லெனோரா தட்டுகளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஷார்லின் சுவரருகே நின்று, ஜோஸ்லினின் மழலைப் பருவப் படத்துக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெனோரா மேடம், மூணு வருஷமா இந்த வீட்லதான இருக்கீங்க?"

"ஆமா."

"படத்துக்கு அடியில சுவத்துத் தூள் கெடக்கு. வரிசையா, எல்லாப் படத்துக்கும் அடியில." குற்றம் சாட்டும் குரலன்று, பேருந்தில் ஏறும் பிள்ளையிடம் செருப்பு வார் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லும் குரல். "ஊரை விட்டுப் போறவங்க படத்தைக் கழட்டுவாங்க. அதைப் பார்த்திருக்கேன். நேத்து மாட்டின வீட்டை இப்பதான் பாக்கறேன். எனக்காகவா மாட்டினீங்க?"

தட்டுகள் லெனோராவின் கையில் கனத்தன. மழுப்புவதற்குப் பத்து விடைகள் இருந்தன. வண்ணம் பூசினோம் என்று சொல்லலாம். வாயைத் திறந்தபோது வந்ததோ டென்னசியும் ஒக்லஹோமாவும் ஜார்ஜியாவும். சோபாவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதையும் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்லத் தன் பேச்சு எவ்வளவு பேதைமையாக ஒலிக்கிறது என்பது அவளுக்கே கேட்டது.

ஷார்லின் சிரிக்கவில்லை. "ஹார்க்ரோவ் போறாரா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது. எங்களுக்குக் கடைசியிலதான் சொல்லுவாங்க."

"தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். ஆகஸ்டுலேர்ந்து பதினாலு கோச்சுங்க எங்க வீட்டு நாற்காலியில உக்காந்து கோழிக்கறி தின்னுட்டுப் போயிருக்காங்க. அவங்க எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் உங்க புள்ளையா இருந்தா புதன்கிழமை கையெழுத்துப் போடச் சொல்லுவீங்களா?"

முற்றத்தில் செட்ரிக்கின் சிரிப்பு கேட்டது. மாடியில் ஜோஸ்லின் டிரம்பெட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள், ஒரே இடத்தில் தவறினாள், மீண்டும் தொடங்கினாள்.

"அந்தக் காகிதம் உங்க பையனைக் காலேஜோட கட்டிப்போடும்," என்றாள் லெனோரா. "கோச்சை எதோடயும் கட்டாது. அப்புறம் வேற காலேஜுக்குப் போகணும்னா ஒரு வருஷம் ஆடாம சும்மா உக்காரணும். பிப்ரவரியில இன்னொரு தேதி இருக்கு. நானா இருந்தா அதுவரைக்கும் பேனாவைத் தொட விடமாட்டேன்."

ஷார்லின் தலையசைத்து, அவள் கையிலிருந்த தட்டுகளில் பாதியை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை செட்ரிக் முடிதிருத்தும் கடையில் இருந்தார். தலையின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும்போது, எதிரிலிருந்த தொலைக்காட்சியின் அடிவரியில் ஹார்க்ரோவ் டெக்சாஸ் போகும் செய்தி ஓடியது. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "கோச், ஒங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாராம். அரைத்தலையோடு வீடு வந்தவர் இதைச் சொல்லிச் சிரிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். ஹார்க்ரோவ் தம் உதவியாளர்களில் இருவரைத் தம்மோடு அழைத்துச் சென்றார். செட்ரிக் அவர்களில் ஒருவரல்லர்.

கையெழுத்து நாளான புதன்கிழமை பகல் முழுவதும் அவர் அலுவலகத்தில் மாணவர்களின் கடிதங்களுக்காகக் காத்திருந்தார். பதினொன்று வந்தன. விருந்துண்ட மற்ற இரு குடும்பங்களும் வேறு கல்லூரிகளுக்குக் கையெழுத்திட்டுவிட்டன. பூன் வீட்டிலிருந்து எங்கும் எதுவும் போகவில்லை.

"அந்தம்மா ஏன் நிறுத்தி வச்சாங்கன்னே புரியல," என்றார் மாலையில்.

லெனோரா சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள்.

செட்ரிக் கேட்டு முடித்தார். பிறகு எழுந்து கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனார். அங்கே ஒவ்வொரு குடிபெயர்விலும் மடித்து வைத்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டும் ஓசை கேட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் அவளால் தாங்க முடிந்திருக்கும்.

"கீழ இருக்கறதெல்லாம் நமுத்துப்போச்சு," என்று திரும்பி வந்து சொன்னார். "புதுசு கேட்டு வாங்கணும்." அவ்வளவுதான்.

ஜனவரியில் புதிய தலைமைப் பயிற்சியாளர் கீன் வந்தார். கூடவே அவருடைய ஆட்கள் ஏழு பேர். பழைய உதவியாளர் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார். செட்ரிக்குக் கிடைத்தது நான்கு நிமிடம்.

"பூன் பையனைக் கொண்டாந்து சேரு, அப்புறம் பேசலாம்னாரு," என்றார் செட்ரிக். "கொண்டாந்தா வச்சுக்கறேன்னு அர்த்தம்."

"அப்படின்னு சொன்னாரா?"

"அப்படின்னு அர்த்தம்."

பயிற்சியாளரின் மனைவி ஆட்டக்காரனின் குடும்பத்தைத் தானாக அழைத்துப் பேசக்கூடாது. அவர்கள் அழைத்தால் பேசலாம். விதி அப்படி. ஆதலால் லெனோரா தொலைபேசியைச் சமையலறையிலும் குளியலறையிலும் கையோடு வைத்துக்கொண்டு திரிந்தாள். ஜோஸ்லின் ஒருநாள், "அடுத்த வருஷம் முதல் நாற்காலி யாருக்குன்னு மார்ச்சுல சொல்லுவாங்களாம். பேரு குடுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள். "குடு," என்று சொல்வதற்கு லெனோராவுக்கு நேரம் பிடித்தது. மகள் அதைக் கவனித்தாள், பெயர் கொடுப்பதைத் தள்ளிப்போட்டாள்.

ஜனவரியின் கடைசி வியாழக்கிழமை அழைப்பு வந்தது. பின்னணியில் பேருந்தின் பொறி உறுமிக்கொண்டிருந்தது.

"லெனோரா, நான் ஷார்லின். அடுத்த நடைக்குப் பத்து நிமிஷம் இருக்கு. உன் வீட்டுக்காரர் நேத்து வந்து போனார். நல்ல மனுஷன். ஹார்க்ரோவ் போனதைப் பத்தி ஒரு பொய் சொல்லல. அவரை வச்சுக்கறாங்களா?"

"உன் பையன் கையெழுத்துப் போட்டா வச்சுக்கறதா பேச்சு."

"பேச்சா, எழுத்தா?"

"பேச்சுதான்."

பொறி நின்றது. ஷார்லின் வேண்டுமென்றே நிறுத்தியிருப்பாள் போலும்.

"இந்தா பாரும்மா. என் புள்ளை எழுதிக் குடுக்கணும். அவனை வெயில்ல ஓட விட்டு வளக்கப்போறவர் மட்டும் வாய்வார்த்தையில நிக்கணுமா? மொதல்ல அவங்க எழுதட்டும். ரெண்டு வருஷத்துக்கு உன் வீட்டுக்காரர் பேருக்குக் காகிதம் வரட்டும். அதை என் கண்ணால பாத்தப்புறந்தான் பேனா மூடி தொறக்கும்."

"ஷார்லின், அப்படியெல்லாம் கேட்டா அவங்க கோவிச்சுக்கிட்டு..."

"கோவிக்கட்டும். எனக்கு இன்னும் நாலு காலேஜு இருக்கு. ஒனக்குத்தான் வேற வழியில்ல, அதனால நீ கேக்காத. நான் கேக்கறேன்."

பிப்ரவரி ஆறாம் நாள், புதன்கிழமை. ஷார்லினின் ஊரில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஒரு மேசை போட்டு, ஐந்து கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பையன் எந்தத் தொப்பியை எடுத்து அணிகிறானோ அந்தக் கல்லூரி. ஊரே கூடியிருந்தது. விழா ஒன்பது மணிக்கு.

செட்ரிக் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தார். ஷார்லின் கேட்டபடி அவருக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தை எழுதிவிட்டார்கள், விளையாட்டுத் துறை இயக்குநரின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

லெனோரா வீட்டில், பதினெட்டுப் படங்களின் நடுவே உட்கார்ந்திருந்தாள். எட்டே முக்காலுக்கு, "இயக்குநர் இன்னும் வெளிய வரல," என்றார் செட்ரிக் தொலைபேசியில். ஒன்பதுக்கு, "கீன் உள்ள போயிருக்காரு." ஒன்பதரைக்கு அழைப்பை எடுக்கவில்லை. தொலைக்காட்சியில் அந்த விளையாட்டுக் கூடத்தைக் காட்டினார்கள். கெடேரியஸ் கைகளைத் தொடைமேல் வைத்து அசையாமல் அமர்ந்திருந்தான். பக்கத்தில் ஷார்லின், அதே ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, கைப்பையை இரு கைகளாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். கூட்டம் முணுமுணுத்தது. செய்தியாளர், "குடும்பத்தினர் ஏதோ ஒரு செய்திக்காகக் காத்திருப்பதாகத் தெரிகிறது," என்றார்.

லெனோரா எழுந்து ஒரு படத்தின் சாய்வைச் சரிசெய்யப் போனாள். விரல் படுமுன் கையை இழுத்துக்கொண்டாள்.

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஷார்லின் தன் தொலைபேசியைப் பார்ப்பது திரையில் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி அணிந்தாள். அதில் வந்திருந்த, கையெழுத்தான ஒப்பந்தத்தின் படத்தை விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவசரப்படவே இல்லை. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து மகன் முன்னே வைத்தாள். கெடேரியஸ் டெல்ரோஸ் தொப்பியை எடுத்தான்.

லெனோரா சோபாவின் கைப்பிடியில் அமர்ந்து, முகத்தை மூடிக்கொண்டாள். மகளுக்குச் செய்தி அனுப்ப மூன்று முறை எழுத்துகளை அழித்து எழுத வேண்டியிருந்தது: "மார்ச் மாதத்துக்குப் பெயர் கொடுத்துவிடு."

பகல் ஒரு மணிக்கு ஷார்லின் அழைத்தாள். "பாத்தியா? உன் ஆளு ரெண்டு வருஷம், என் ஆளு நாலு வருஷம். மிச்ச ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்." சிரித்தாள். "சோபாவுக்குப் பின்னால ஒண்ணு வச்சிருந்தியே, அதையும் இன்னிக்கு மாட்டிடு. எம்புள்ள அடுத்த தடவை வந்து உக்காந்தா ஒடைச்சுடுவான்."

"மாட்டறேன்," என்றாள் லெனோரா. உண்மையாகவே சொன்னாள்.

சுத்தியலை எடுத்து வந்தாள். சோபாவை நகர்த்தி, படத்தை வெளியே எடுத்து, துணியை அவிழ்த்தாள். கண்ணாடியின் ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. கணப்படுப்பின் மேடைக்கு மேலே இடம் பார்த்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, ஆணியை அதன்மேல் நிறுத்தினாள்.

தொலைபேசி மணி அடித்தது. புதிய தலைமைப் பயிற்சியாளரின் மனைவி பெத்தனி கீன். தேன் போன்ற குரல்.

"லெனோராவா? ரொம்ப சந்தோஷம்ங்க இன்னிக்கு. எங்க வீட்டுக்காரர் துள்ளிக் குதிக்கிறாரு. ஒரு சின்ன உதவி. இந்த ஊர்ல உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னாங்க. ஒரு வீடு பாத்துக் குடுக்கணும்."

"தாராளமா. ஏரிக்கரைப் பக்கம் மூணு வீடு விலைக்கு வந்திருக்கு. ஹார்க்ரோவ் வீடும்..."

"வாங்கறதுக்கு இல்லீங்க. வாடகைக்கு. வருஷக் கணக்கு வேண்டாம், மாசக் கணக்குல யாராவது தருவாங்களா? சாமானையெல்லாம் பழைய ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கோம். இப்போதைக்குத்தான்."

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றாள் லெனோரா. குரலை மாற்றாமல் பேசுவது பதினாறு ஆண்டுப் பழக்கம்.

நிலைத்துத் தங்க வந்தவர்கள் மாதக் கணக்கில் வீடு தேட மாட்டார்கள் என்று அறிந்தவளாய், ஆணியைக் கீழே வைத்தாள். பென்சில் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அது முழுவதும் அழியவில்லை. திருமணப் படத்தை மறுபடியும் துணியில் சுற்றி, சோபாவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். கெடேரியஸ் வந்து உட்கார்ந்தால் இடிபடாதவாறு, நடுவே ஒரு தலையணையையும் செருகினாள்.